நினைவிலிருந்து எழுந்த நிலாக்கடல்

செஞ்சிக்கு வடக்கே சீயமங்கலத்துக் குன்றைக் குடைந்து கோயில் எடுத்த மகேந்திரவர்ம பல்லவனுக்குச் சித்திரகாரப்புலி என்றொரு விருதுப்பெயர் உண்டு. கல்வெட்டில் பெயர் நின்றது. அந்தப் புலியின் கைவண்ணம் இதுதான் என்று சுட்டுவதற்கு ஒரு கோடும் எஞ்சவில்லை. அவன் வழியில் வந்த இராசசிம்மன் பனைமலையில் எடுத்த கோயிலிலோ, குடைநிழலில் ஒசிந்து நிற்கும் உமையின் உருவம் சுவரில் இன்றும் மங்கலாகத் தெரிகிறது. கோட்டின் வலிமையால் உயிர்பெற்ற ஓவியம் அது. சுண்ணச் சுவரில் வண்ணம் விரைந்து உலரும். ஒரு நிறம் இன்னொன்றினுள் கரைந்து மறையும் எல்லையை அங்கே காட்டுவது அரிது. ஆகவே நம் பழஞ்சுவர்களில் உருவம் உண்டு, அணி உண்டு, மெய்ப்பாடு உண்டு, இரவு அரிது. நிலவு எழுதப்பட்டாலும் வட்டமாக இருக்குமேயன்றி ஒளியாக இராது.

இரவின் ஒளியை ஓவியத்துள் கொண்டுவந்தது எண்ணெய். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் நாட்கணக்கில் குழைவு காக்கும். இருளை ஒளிக்குள் இழைக்கலாம். உலர்ந்தபின் அதன்மேல் கண்ணாடிபோல் மெல்லிய பூச்சு ஒன்றைப் பூசி அடிநிறத்தை ஆழத்திலிருந்து ஒளிரச் செய்யலாம். அந்த எண்ணெயைக் கொண்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடலையே தீட்டியவர் இவான் ஐவசோவ்ஸ்கி. அவருடைய நிலாக்கடல்களைப் பார்த்தவர்கள் கேட்ட முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: இதை எங்கே உட்கார்ந்து எழுதினார்? கடற்கரையில் உட்கார்ந்து அல்ல என்பதுதான் விடை. அந்த விடை அவருக்குப் புகழையும் தந்தது, பழியையும் தந்தது.

கருங்கடலின் கரையில், கிரிமியத் தீபகற்பத்தில் உள்ள பியோதோசியா என்னும் துறைமுக நகரில் 1817ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள் அவர் பிறந்தார். குடும்பம் அர்மீனியக் குடும்பம். திருச்சபை ஏட்டில் அவர் பெயர் கெவோர்க் ஐவாசியானின் மகன் ஓவனேஸ். தந்தை வணிகர், 1812இல் ஊரைச் சூறையாடிய கொள்ளைநோய் வணிகத்தையும் கொண்டுபோயிற்று. தாய் தையற்பூவேலையால் குடும்பத்தைத் தாங்கினார். சிறுவன் அடுப்புக்கரியை எடுத்துச் சுண்ணாம்பு அடித்த சுவர்களில் கப்பல்களை எழுதினான். வயலினும் தானாகவே பழகினான். கீழைநாட்டு வழக்கப்படி அதை முழங்காலில் நிறுத்தி வாசிப்பான். பிற்காலத்தில் கிளிங்கா என்னும் இசையறிஞர் இவரிடம் கேட்ட மெட்டுகளைத் தம் இசைநாடகம் ஒன்றில் எடுத்தாண்டார் என்பது தனிக்கதை.

சுவர்க்கிறுக்கலைக் குற்றமாகக் கொள்ளாமல் திறமாகக் கண்ட பெரியவர் ஒருவர் ஊரில் வாய்த்தது பையனின் நற்பேறு. நகர ஆளுநர் கஸ்னாச்சேயெவ் அவனுக்கு வண்ணமும் தாளும் தந்ததோடு சிம்பெரோப்பல் நகரப் பள்ளியில் சேர்க்கவும் துணைநின்றார். 1833இல் அரசுச் செலவில் பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. நிலக்காட்சி ஓவியர் வரோபியோவ் ஆசிரியராக அமைந்தார்.

அங்கேதான் முதல் அடி விழுந்தது. சார் மன்னர் முதலாம் நிக்கலாஸ் பிரெஞ்சு நாட்டிலிருந்து அழைத்திருந்த கடலோவியர் பிலிப் தான்னேருக்கு உதவியாளனாக மாணவன் அமர்த்தப்பட்டான். வண்ணம் கலப்பதும் தூரிகை கழுவுவதுமாக நாட்கள் போயின. 1836ஆம் ஆண்டுக் கலைக்கழகக் கண்காட்சியில் அவன் தன் ஓவியங்களைத் தன் பெயரில் வைத்தான். தன் இசைவு பெறவில்லை என்று தான்னேர் மன்னரிடம் முறையிட, பத்தொன்பது வயது மாணவனின் ஓவியங்கள் சுவரிலிருந்து இறக்கப்பட்டன. அரசனின் சினம் என்றால் அக்காலத்தில் எந்தக் கதவும் திறவாது. நீதிக்கதைக் கவிஞர் கிரிலோவ் முதலானோர் பரிந்து பேசினர். மாதங்கள் கடந்தபின் சினம் தணிந்தது. மறு ஆண்டே பொற்பதக்கம் கிடைத்தது. படிப்புக்காலம் சுருக்கப்பட்டு, கிரிமியாவுக்குச் சென்று தானே எழுதிப் பழக விடுப்பும் கிடைத்தது. அதே கண்காட்சியில்தான் அவர் புஷ்கினைக் கண்டார். சில மாதங்களில் அக்கவிஞர் துப்பாக்கிச் சமரில் மாண்டார். கடலும் புஷ்கினும் சேர்ந்து நிற்கும் ஓவியங்களை ஐவசோவ்ஸ்கி முதுமை வரையில் மீண்டும் மீண்டும் எழுதியிருக்கிறார்.

1840இல் இத்தாலிக்குச் சென்றார். அவருடைய கலையின் திருப்புமுனை அங்கே நேர்ந்தது. நேப்பிள்சு வளைகுடாவின் தென்கரையில் உள்ள சொரெந்தோவில் அமர்ந்து, தமக்கு முன்னோடியான ரஷ்ய ஓவியர் ஷெத்ரினைப் போல, கண்முன் உள்ளதை உள்ளபடி எழுத முயன்றார். அந்த ஒரு காட்சிக்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் சென்றன. பிறகு நினைவிலிருந்து கதிரவன் மறைவையும் நிலா எழுச்சியையும் சில நாட்களிலேயே எழுதி முடித்தார். எல்லாவற்றையும் மக்கள் பார்வைக்கு வைத்தபோது, கூட்டம் நினைவோவியங்களைச் சூழ்ந்து நின்றது. மூன்று வாரம் உழைத்த ஓவியத்தைத் தெரிந்த ஊரைக் கடந்து செல்வதுபோல் கடந்து சென்றது.

இளைஞர் ஒருவர் இதைக் கூட்டத்தின் சுவைக்குறை என்று எண்ணி ஆறுதல் கொண்டிருக்கலாம். ஐவசோவ்ஸ்கி அப்படி எண்ணவில்லை. அலை அசையாமல் நிற்பதில்லை, மின்னல் காத்திருப்பதில்லை, காற்றின் வீச்சைப் பார்த்துக்கொண்டே தூரிகையை நகர்த்த இயலாது. இவற்றைப் பார்க்கும்போது பார்க்க மட்டுமே வேண்டும், எழுதும்போது நினைவைப் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். இடத்தின் அமைப்பையும் மலையின் விளிம்பையும் பென்சிலால் குறித்துக்கொள்வார். ஒளியும் நீரும் மனத்தில் தங்கும். அன்று முதல் சாகும்வரை இதுவே அவர் முறை.

நிலாக்கடலைப் பொறுத்தமட்டில் இம்முறையைத் தவிர வேறு வழி உண்டா என்று கேட்பதே பொருத்தம். முழுநிலா நாளில் கடற்கரைக்கு ஒரு வண்ணத்தட்டை எடுத்துச் செல்வோர் உடனே ஓர் உண்மையை உணர்வர். நிலவொளியில் கண்ணுக்கு நிறம் தெரியாது. தட்டில் உள்ள நீலமும் பச்சையும் கருஞ்சிவப்பும் ஒரே சாம்பலாகத் தோன்றும். விளக்கை ஏற்றினால் வண்ணம் தெரியும், கடல் மறையும். பார்க்கும் இடத்தில் எழுத முடியாது. எழுதும் இடத்தில் பார்க்க முடியாது. தன்மை நவிற்சியாகவே எழுதுவேன் என்று உறுதி பூண்டவரும் இங்கே நினைவின் வாயிலில் வந்து நிற்கவேண்டும்.

இன்னொரு தடையும் உண்டு. வானத்து முழுநிலா தன்னைச் சூழ்ந்த இருளைவிட இலட்சம் மடங்குக்கும் மேல் ஒளியுடையது. ஓவியரிடம் உள்ள ஈய வெள்ளையோ தட்டில் உள்ள கருமையைவிடச் சில பத்து மடங்கு ஒளியையே திருப்பித் தரும். நிலவை வெண்மையால் வெல்ல இயலாது. எஞ்சிய எல்லாவற்றையும் அடக்கித்தான் அதை உயர்த்த வேண்டும். கவிஞர்களுக்கு இது புதிதன்று. ஒரு சொல் ஒளிர வேண்டுமானால் அதன் அண்டைச் சொற்கள் அடங்கியிருக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிவர்.

ஐவசோவ்ஸ்கியின் கைமுறை இத்தடைகளுக்கு ஏற்ப அமைந்தது. கித்தானில் வானத்தை முதலில் எழுதுவார், அதுவும் ஒரே அமர்வில். எத்தனை பெரிய ஓவியமாயினும் வண்ணத்தின் குழைவு மாறுமுன் வானம் முடிந்துவிட வேண்டும். நிலாவைச் சூழ்ந்த ஒளிவட்டம் முகிலின் இருளுக்குள் எங்கே முடிகிறது என்று காட்டாமல் கரைவதற்கு அதுவே வழி. வானத்தின் நிறமே கீழே உள்ள நீரின் நிறத்தைத் தீர்மானிக்கும். அலையின் மெல்லிய உச்சியில் ஒளி ஊடுருவும் இடத்தைத் தெளிந்த பூச்சுகளால் காட்டுவார். அவருடைய வானங்களில் வண்ணம் மிக மெலிந்து துணியின் இழையே தெரியும்; நுரையிலும் நிலாத்தடத்திலும் அதுவே கைக்குத் தட்டுப்படும் அளவு தடித்து நிற்கும். தடித்த வண்ணத்தின் மேட்டில் அறையின் விளக்கொளியே பட்டு மின்னும். ஓவியத்து நிலாவுக்கு அறையின் ஒளியைக் கடன் வாங்கும் உத்தி இது.

நிலாத்தடத்தையும் அவர் ஒரே பட்டையாக இழுப்பதில்லை. தொடுவானத்தருகே ஒளித்துணுக்குகள் நெருங்கி ஒரு வெள்ளிக்கோடாகச் சேரும். கரையை நெருங்க நெருங்க அவை பிரிந்து, இடையிடையே கருநீரைக் காட்டும். ஒவ்வோர் அலையின் சரிவும் ஒரு சிறு கண்ணாடி. எந்தச் சரிவு நிலவைப் பார்ப்பவரின் கண்ணுக்குத் திருப்புகிறதோ அதுமட்டும் மின்னும். அதனால்தான் கடற்கரையில் நடப்பவருடன் நிலாத்தடமும் நடந்து வருகிறது. அவருடைய ஓவியத்தின் முன் நிற்பவருக்கும் அத்தடம் தம் காலடிக்கே வருவதாகத் தோன்றும்.

1842இல் நேப்பிள்சு வளைகுடாவின் நிலவிரவை இவர் எழுதிய ஓவியத்தை ஆங்கில ஓவியர் டர்னர் உரோமில் கண்டு, வியந்து, இத்தாலிய மொழியில் இவர்மேல் கவிதை இயற்றினார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. ஒளியையே தம் வாழ்நாள் பொருளாகக் கொண்ட முதியவர் ஒருவர் இருபத்தைந்து வயது இளைஞரை வாழ்த்தினார் என்னும் இக்கதையை ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறுவர். ஆயினும் அதை விட்டுவிட ஓவிய உலகிற்கு மனமில்லை. படைப்புக்கு முந்திய குழப்பத்தைக் கடலாக எழுதிய ஓவியத்தைப் போப்பாண்டவர் பதினாறாம் கிரிகோரி ஏற்றது ஐயத்துக்கு இடமில்லாச் செய்தி. அது இன்று வெனிசை அடுத்த சான் லாசரோ தீவில், அர்மீனியத் துறவியர் மடத்தில் உள்ளது. இவருடைய தமையன் கபிரியேல் துறவு பூண்டிருந்த மடம் அது.

புகழோடு 1844இல் நாடு திரும்பியவருக்குத் தலைநகரம் எல்லாவற்றையும் தரக் காத்திருந்தது. கலைக்கழக உறுப்பினர் பதவி வந்தது. கடற்படைத் தலைமையகத்தின் ஓவியர் என்ற பொறுப்பும் வந்தது. அடுத்த ஆண்டே அவர் பியோதோசியாவில் மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கினார். அரண்மனையை நெருங்கியிருப்பதே கலைஞனின் வாழ்வு என்றிருந்த காலத்தில் சிற்றூர்த் துறைமுகத்துக்குத் திரும்பிய முடிவு பலருக்கு விளங்கவில்லை. அவ்வீட்டின் ஓவியக்கூடத்துச் சாளரம் முற்றத்தை நோக்கியது. உப்பரிகையில் நின்றால் கடல் தெரியும். தூரிகையோடு நிற்கும் இடத்திலிருந்து தெரியாது. கடலை எழுத வந்தவர் கடலுக்கு முதுகு காட்டி நின்றார் என்று சொன்னாலும் தவறில்லை.

தமிழ் மரபுக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. மதுரையைத் தம் பெயரில் தாங்கிய சங்கப் புலவர்களும் நெய்தல் பாடியிருக்கிறார்கள். கானலும் கழியும் திரையும் அவர்களுக்கு உள்ளத்தில் இருந்த நிலம். ஆயினும் நினைவிலிருந்து பாடுவதில் உள்ள இடரும் அவர்களுக்குப் பின்வந்தோரின் பாட்டில் தெரியும்: கண்டதை நினைப்பது மெல்ல மெல்ல, முன்பு பாடியதை நினைப்பதாக மாறிவிடும்.

ஐவசோவ்ஸ்கிக்கும் அது நேர்ந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. அவர் எழுதிய ஓவியங்கள் ஏறத்தாழ ஆறாயிரம் என்பர். அவற்றுள் பல, ஒரே நிலாவும் ஒரே தடமும் பாய்மரமும் இடம் மாறி நிற்பவை. கேட்டவருக்கெல்லாம் நிலா விளைந்தது. 1870இல் தோன்றிய இயல்நெறி ஓவியர் அமைப்பினருள் பலர், மக்கள் வாழ்வை நேரே கண்டு எழுதவேண்டும் என்று முழங்கியபோது, பியோதோசியாவின் முதியவரைப் பழங்காலத்தவராகவே பார்த்தனர். அவர்களுள் தலையாயவரான கிரம்ஸ்கோய்கூட, கடைகளில் கிடைக்காத வண்ணக் கலவை எதையோ இவர் மறைத்து வைத்திருக்கிறார் போலும் என்று பாராட்டும் ஐயமும் கலந்து எழுதினார். கலவையில் மறைபொருள் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஐயத்துக்கு விடையாக இன்னொரு நிலாவைச் சொல்லலாம். 1855இல் குயிந்ஜி என்ற ஏழை இளைஞன் ஓவியம் கற்க பியோதோசியாவுக்கு வந்தான். ஐவசோவ்ஸ்கி அவனுக்கு வண்ணம் அரைக்கும் வேலையே தந்தார். கற்பித்தவர் அங்கிருந்த மற்றோர் ஓவியர். குரு மாணவனை அடையாளம் காணத் தவறிய கதைகளுள் இதுவும் ஒன்று. தன் சுவர்க்கிறுக்கலை ஒருவர் கண்டுகொண்டதால் உயர்ந்தவர் இன்னொருவனைக் காணாமல் விட்டார். அந்தக் குயிந்ஜி 1880இல் தினீப்பர் ஆற்றின் நிலவிரவை எழுதி, இருட்டறையில் விளக்கொளியில் தனியொரு ஓவியமாகக் காட்சிக்கு வைத்தார். பீட்டர்ஸ்பர்க்கே திரண்டு வந்தது. ஓவியத்தின் பின்னால் விளக்கு உண்டோ என்று சிலர் எட்டிப் பார்த்தனர். ஆனால் அவர் கையாண்ட தார்ச்சார்பான கருவண்ணம் நிலைக்கவில்லை. அந்த நிலவிரவு கருத்துப்போயிற்று. பழைய முறையில் பூசிய ஐவசோவ்ஸ்கியின் நிலாக்களோ பெரும்பாலும் ஒளி குன்றாமல் நிற்கின்றன.

பொருள் வந்த வழியைப் பழிப்போர் அது சென்ற வழியையும் நோக்க வேண்டும். வறண்ட ஊரான பியோதோசியாவுக்குத் தம் நிலத்து சுபாஷ் ஊற்றிலிருந்து நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் வாளித் தண்ணீரை அவர் கொடையாக அளித்தார். 1888இல் குழாய்வழி நீர் ஊருக்குள் வந்தது. தம் செலவில் அவர் கட்டிய நீரூற்று மண்டபத்தில் மக்கள் விலையின்றி நீர் கொண்டனர். 1880இல் வீட்டோடு ஓர் ஓவியக் காட்சியகத்தைத் திறந்து, பின்னர் அதை நகரத்துக்கே எழுதிவைத்தார். ஊருக்கு இருப்புப்பாதை வருவதற்கும் அவர் முயற்சி ஒரு காரணம். இல்லற வாழ்வு அவ்வளவு நேராக அமையவில்லை. 1848இல் மணந்த ஆங்கிலேய மங்கை ஜூலியா கிரேவ்ஸ் நான்கு பெண்மக்களைப் பெற்றபின் சிற்றூர் வாழ்வு பொறாமல் பிரிந்தார். 1882இல் தம்மினும் நாற்பதாண்டு இளையவரான அர்மீனியக் கைம்பெண் அன்னாவை மணந்தார்.

கடற்படை ஓவியர் என்ற முறையில் போர்களையும் எழுதினார். அவற்றுள் உயர்ந்தது 1848இல் எழுதிய செஸ்மே போர். 1770இல் துருக்கியக் கப்பற்படை எரிந்த இரவு அது. முகிலிடையே தண்ணிய நிலா, கீழே செந்தீ, இரண்டு ஒளியும் ஒரே நீரில். மனிதன் மூட்டிய ஒளி எவ்வளவு பெரிதாக எரிந்தாலும் நிலா தன் இடத்தில் இருக்கிறது. வென்ற நாட்டின் ஓவியர் வெற்றியைப் போற்ற எழுதியது; ஆயினும் உடைந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் சிற்றுருவங்களிடம் பார்ப்பவர் கண் சென்றுவிடுகிறது.

விந்தை என்னவெனில், துருக்கிய அரசவையும் அவரை விரும்பியது. 1874இல் சுல்தான் அப்துல் அசீசின் அழைப்பில் இசுதான்புல் சென்று, அரண்மனைக்காக ஏறத்தாழ முப்பது ஓவியங்கள் எழுதினார். பாசுபரசு நீரிணையின் நிலவிரவுகளை அவரைப்போல் அழகாக எழுதியவர் இலர். பதக்கமும் பெற்றார். அழகை எழுதுவோனுக்கு அரசியல் இல்லை என்று அப்போது அவர் எண்ணியிருக்கவும் கூடும்.

1894 முதல் 1896 வரை, சுல்தான் இரண்டாம் அப்துல் அமீதின் ஆட்சியில் அர்மீனியர் ஆயிரக்கணக்கில் கொன்று குவிக்கப்பட்டனர். கருங்கடலின் மறுகரையில் திரெபிசோந்து நகரிலும் கொலை நிகழ்ந்தது. எழுபத்தெட்டு வயது கடந்த ஓவியர், ஆண்டுக்கணக்கில் தம் மார்பில் அணிந்த துருக்கியப் பதக்கங்களைக் கடலில் எறிந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். எறிந்ததோடு அமையவில்லை. திரெபிசோந்துக் கொலையை எழுதினார். 1897இல் மர்மராக் கடலின் துயர இரவு ஒன்றை எழுதினார். கப்பலிலிருந்து அர்மீனியர் கடலில் எறியப்படும் இரவு அது. பாசுபரசின் இனிய நிலவிரவுகளுக்கு அடுத்து இருக்கும் நீர்தான் மர்மரா. ஐம்பதாண்டுகளாக விரும்பியவருக்கெல்லாம் விளைந்த இரவில் முதன்முறையாகத் தம் இனத்தாரின் உடல்களை இட்டார். இவ்வோவியங்கள் கலைநயத்தில் அவருடைய தலைசிறந்தவை அல்ல. கை பழகிய கடல் அங்கே பாடத்துக்கு அடங்காமல் தடுமாறுகிறது. ஆறாயிரத்துள் எவற்றை அவர் எழுதியே ஆகவேண்டியிருந்தது என்று கேட்டால், இவற்றை விலக்க முடியாது. இவையும் நினைவிலிருந்து எழுதப்பட்டவையே. அவர் கண்டிராத காட்சிகள் அவை. ஆனால் அந்தக் கரையை அறிவார், அந்த நீரை அறிவார், மாண்டவர்களின் மொழியை அறிவார்.

மறு ஆண்டு, எண்பதைக் கடந்த வயதில், அலைகளிடையே என்னும் பேரோவியத்தை எழுதினார். ஏறத்தாழ 14 அடி அகலமும் 9 அடிக்கு மேல் உயரமும் உடைய அதனைப் பத்து நாட்களில் முடித்ததாகக் கூறுவர். கப்பல் இல்லை, கரை இல்லை, மனிதர் இல்லை. முகிலைப் பிளந்து இறங்கும் ஒளியும் சுழலும் நீருமே. வாங்குவோருக்காக எழுதாத அந்த ஓவியம் பியோதோசியாவின் காட்சியகத்துக்கே சென்றது.

1900ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் இரவில் உறக்கத்தில் உயிர் பிரிந்தது. தாம் திருமுழுக்குப் பெற்ற புனித சர்க்கிஸ் அர்மீனியக் கோயிலின் முற்றத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். பியோதோசியா மக்கள் கடைகளை அடைத்துப் பின்சென்றனர். ஓவியக்கூடத்துத் தாங்கு சட்டத்தில், அந்த நாளில் தொடங்கிய கித்தான் நின்றது. துருக்கியக் கப்பல் ஒன்று வெடித்துச் சிதறும் காட்சி அது. தீப்பிழம்பும் புகையும் எழுதப்பட்டிருந்தன. கப்பலின் உருவம் ஓரளவு வந்திருந்தது. எஞ்சியது மறுநாளுக்கு என விடப்பட்டிருந்தது.